வளைவில் ஒரு சின்ன மேடு

ஜன்னல் விளிம்பில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்துவிட்டு வடிவு முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஒரு குப்பி திறந்த மேனியாக வெயிலில் நின்றது. இன்னொன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றி முக்காடு போட்டிருந்தாள். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே சரக்குதான். காலையில் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் வாங்கிய ஃபோலிக் அமில மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் சோடாக் காரம் சேர்த்த தண்ணீரில் கரைத்து, ஆளுக்குப் பாதியாக ஊற்றியது. வெயில் இந்த வைட்டமினை ஏதாவது செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாளையங்கோட்டை வெயிலிடம் போய் நீ ஏதாவது செய்வாயா என்று கேட்பதே அதற்கு அவமரியாதை. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் ஊருக்கே தெரிந்ததையும் முதல்முறை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இப்போது காத்திருப்பதுதான் வேலை. காத்திருப்பது அவளுக்கு வராத வேலை, கைகள் சும்மா இருந்தால் மனசு எங்கேயாவது போய் எதையாவது கிளறிக்கொண்டு வந்து முன்னால் போட்டுவிடும். அதனால் எலெக்ட்ரோடை எடுத்து, வெல்வெட் துணியில் வெள்ளைப் பொடியைத் தூவி, அதன் முகத்தை எட்டு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்ப்பதும் எட்டுதான், நினைப்பதும் எட்டுதான், சுற்றிச் சுற்றி அதே இடுப்பில் வந்து குறுக்கே வெட்டிக்கொண்டது. அந்த இடுப்பில் இருந்தது கம்ப்யூட்டர் திரையில் நேற்றிலிருந்து நிற்கும் அந்த மேடு.

மேடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே போய்விடலாம், தவமணி சார் அப்படித்தான் போனார். வடிவின் சென்சார் ஒரு எளிய பிராணி. பனங்கொட்டை ஓட்டைச் சுட்டு எடுத்த கரியை அரைத்து எலெக்ட்ரோடு என்கிற அந்தக் கார்பன் குச்சியின் நுனியில் பூசியிருக்கிறாள், அதுதான் அவளுடைய முனைவர் பட்டம், மூன்று வருஷத்துச் சோறும் தூக்கமும் அந்த நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாத்திரைக் கரைசலுக்குள் அதை முக்கி மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு அழுத்தத்தில் ஃபோலிக் அமிலம் பொறுக்கமாட்டாமல் தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடும். அந்த இடத்தில் மின்னோட்டம் எழும்பித் திரையில் ஒரு மலை நிற்கும். மலையின் உயரம் பார்த்தால் மாத்திரையில் எவ்வளவு வைட்டமின் என்று தெரியும். எந்த அழுத்தத்தில் வாய் திறக்கிறது என்பது பொருளின் குணம், எவ்வளவு கத்துகிறது என்பது அதன் கூட்டம். மனிதர்களுக்கும் இப்படி ஒரு குச்சி இருந்தால் தேவலை என்று அவள் ஹாஸ்டலில் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். நேற்று அளந்த மாத்திரையில் மலை வந்தது. ஆனால் மலை குட்டையாக இருந்தது, அட்டையில் அச்சடித்திருந்த அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். மலைக்குப் பின்னாலேயே, அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து நிற்கிற பிள்ளை மாதிரி, இன்னொரு சின்ன மேடு. இந்த மூன்று வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. "அழுக்கும்மா. நல்லா தேச்சுட்டு மறுபடி ஓட்டு. இல்லேன்னா சாஃப்ட்வேர்ல ஸ்மூத்திங்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கு, போயிரும்" என்றார் தவமணி சார். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர். கெட்டவர் இல்லை, ரிட்டயர்மென்ட் கிட்டே வந்துவிட்டவர். அவள் தேய்த்தாள். மறுபடி ஓட்டினாள். மேடு போகவில்லை. பட்டனை அமுக்க விரல் வரவில்லை, அது அழுக்காகவே இருந்தாலும் என்ன அழுக்கு என்று தெரியாமல் எப்படி அமுக்குவது.

அது வேறு யாருடைய மாத்திரையாகவாவது இருந்திருந்தால் அமுக்கியிருப்பாளோ என்னவோ. அது ஆவுடை மதினியின் மாத்திரை. டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, இலையை எடுத்துக்கொண்டே மதினி கேட்டாள், "வடிவு, உன் மிஷினு மாத்திரைய அளக்கும்ல்லா? என் மாத்திரைய அளந்து சொல்லேன், முழுசா இருக்கா, கடைக்காரன் ஏமாத்துதானான்னு." விளையாட்டாகக் கேட்கிற குரல்தான். ஆனால் கண் விளையாடவில்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அண்ணன் நெல்லையப்பனுக்கே இரண்டு நாள் முன்னால்தான் சொல்லியிருக்கிறாள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது. ஸ்கேன் அறையில் வடிவுதான் கூட இருந்தாள், பினாயில் வாசமும் ஏசிக் குளிரும், டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டதும். பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடவே இல்லையாம். கரு உண்டான முதல் சில வாரத்துக்குள்ளேயே மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக் குழாய், அம்மாவுக்குத் தான் உண்டாகியிருப்பதே சரியாகத் தெரியாத நாட்களில். திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் அழுதான், மதினி அழவில்லை, வாகையடி முக்கில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டாள், வெள்ளிக்கிழமை, சாமிக்குப் பூ இல்லை என்று. அந்தப் பூ வாங்கிய கையை வடிவால் இன்றுவரை மறக்க முடியவில்லை, சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட நிதானத்தை. இந்தத் தடவை டாக்டரம்மா கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரித் திரும்பத் திரும்ப ஊற்றிச் சொல்லியனுப்பியிருக்கிறார், ஃபோலிக் அமிலம் ஒருநாள் விடாதே, பழைய அளவு இல்லை, பெரிய அளவு, இப்போதிருந்தே. மதினியும் விடவில்லை. அவள் எதை விட்டாள். இப்போது அந்தச் சின்னக் குழாய் மூடிக்கொண்டிருக்கும், அல்லது மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும், டவுனில், ஒரு அரிசி மணி அளவுக்கு, யாரும் பார்க்காமல். அதற்கு எவ்வளவு வைட்டமின் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. திரையில் நிற்கும் மலையின் உயரம் என்றால் அதுதான்.

நேற்று அவள் ஒரு காரியம் செய்தாள், அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மலையின் உயரத்தை அளக்க வேண்டுமானால் முதலில் தரை எது என்று சொல்ல வேண்டும். மலைக்கு இந்தப் பக்கத்து அடிவாரத்தையும் அந்தப் பக்கத்து அடிவாரத்தையும் இணைத்து மவுஸால் ஒரு கோடு இழுப்பார்கள், அங்கிருந்து உச்சிவரை உயரம். கோடு இழுப்பது கை. கைக்குப் பின்னால் இருப்பது ஆள். இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த, யாரும் மேடையில் பேசாத சங்கதி அது. கோட்டைக் கொஞ்சம் இறக்கினால் மலை வளரும், ஏற்றினால் தேயும், இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் காரணம் சொல்லப் பத்துக் கட்டுரைகள் கிடைக்கும். நேற்று அவள் இழுத்த முதல் கோடு அந்தச் சின்ன மேட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, அதற்கும் கீழே, நல்ல ஆழத்தில் போய் இறங்கியது. கணக்குப் போட்டால், அட்டையில் இருந்த அளவு அச்சு அசலாக வந்தது. வந்த சந்தோஷத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், மதினிக்குப் போன் போடலாமா என்று செல்லையும் எடுத்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அவள் சென்சாரும் ஜெயித்தது, மதினி மாத்திரையும் ஜெயித்தது, இனி என்ன வேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது கோடு அவளைப் பார்த்தது. அந்நியர் ஒருவர் மாத்திரைக்கு இப்படி இழுப்பாயா என்று அவளே அவளைக் கேட்டாள். இழுக்கமாட்டாள். அழித்துவிட்டு, மேட்டை வெளியே தள்ளி, மலைக்கு மட்டும் ஒரு கோடு இழுத்தாள். மூன்றில் இரண்டு பங்கு. செல்லை மேஜைக்குள் வைத்துவிட்டாள்.

அப்புறம் ராத்திரியெல்லாம் சந்தேகம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. சென்சார் பொய் சொல்கிறதா, கம்பெனி பொய் சொல்கிறதா. சென்சார் பொய் என்றால் மூன்று வருஷம் பனங்கொட்டையோடு போச்சு. கம்பெனி பொய் என்றால் டவுனில் அந்த அரிசி மணி. எது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது, யாராவது தன் ஆராய்ச்சி தோற்கட்டும் என்று வேண்டுவார்களா, அவள் வேண்டினாள், மனசாரத்தான் வேண்டினாள், வேண்டிக்கொண்டே அப்படித் தோற்றால் கட்டுரையை எப்படி மாற்றி எழுதலாம் என்றும் யோசித்தாள், மனசு ஒரே நேரத்தில் இரண்டு கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் போலிருக்கிறது. காலையில் அதே கம்பெனி, அதே மாத்திரை, அட்டையோடு புதிதாக வாங்கி வந்து ஓட்டினாள். மலை நெடுநெடுவென்று நின்றது. அளவு சரி. கோடு இழுக்கத் தடுமாற்றமே இல்லை, ஏனென்றால் மேடு இல்லை. மேடே இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றே பார்த்தாள். அப்படியானால் சென்சார் பொய்யில்லை, கம்பெனியும் பொய்யில்லை. மதினியின் மாத்திரை மட்டும் எப்படிக் குறைந்தது? குறைந்தது போகட்டும், கூடுதலாக அந்த மேடு எங்கிருந்து வந்தது? குறைந்த இடத்தில் ஏன் ஒன்று கூட வேண்டும்? உடம்பு முழுக்க ஒரு குறுகுறுப்பு ஓடியது. பயந்திருக்க வேண்டிய நேரம்தான், ஆனால் பயத்தைவிட அந்தக் குறுகுறுப்புத்தான் பெரிதாக இருந்தது, அவள் ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மீதமிருந்த மதினியின் மாத்திரைகளை எடுத்துக் கையில் கொட்டிப் பார்த்தாள். அப்போதுதான் இவ்வளவு நேரம் கண்ணெதிரே இருந்தது கண்ணில் பட்டது. மதினி மாத்திரையை அட்டையாகத் தரவில்லை. காலி அட்டையைத் தனியாகவும் மாத்திரைகளைத் திருநீற்றுத் தாளில் மடித்துத் தனியாகவும் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் நல்ல மஞ்சள், மறு முகம் வெளிறியிருந்தது, ஒரு பக்கமே வெயில் பார்த்த மாம்பழம் மாதிரி. வெயில். டவுன் வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு நேரே சாமி அலமாரி. பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைச் சிமிழ், மூடி இல்லாதது, குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து விளக்கேற்றி, கும்பிட்டு, ஈரம் சொட்டும் விரலால் அந்தச் சிமிழுக்குள்ளிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுத் தீர்த்தத்தைக் குடித்ததை வடிவு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "பிரசாதமா மதினி?" என்றுகூடக் கேட்டாள். "ஆமா பின்னே. அவருதானே காப்பாத்தணும்" என்றாள் மதினி. அட்டை வாங்கி வந்ததும் எல்லா மாத்திரையையும் பிதுக்கி அவர் காலடியில் கொட்டிவிடுகிறாள். தினமும் காலை வெயில் நேராக வந்து பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு மாத்திரையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிறது. ஃபோலிக் அமிலம் வெளிச்சத்துக்கு ஆகாது என்று அவள் படித்த எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி இருக்கும். அவளே தன் அறிமுக அத்தியாயத்தில் அந்த வரியை எழுதியிருக்கிறாள், அதற்கு மேற்கோள் எண்ணும் போட்டிருக்கிறாள். வெளிச்சம் பட்டால் நடுவில் உடைந்து இரண்டாகும் என்று. உடைந்தால் மலை குறையும். உடைந்த துண்டுக்கும் தனியாக ஒரு குணம் இருக்கும், அது தனக்கென்று ஓர் அழுத்தத்தில் வாய் திறக்கும். அப்படியானால் அந்த மேடு, அந்த ஒளிந்து நிற்கிற பிள்ளை. படித்ததை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் படித்தது வேறு, பார்த்தது வேறு. அதனால்தான் ஜன்னல், அதனால்தான் இரண்டு குப்பி.

எட்டு போட்டுத் தேய்த்துத் தேய்த்து எலெக்ட்ரோடின் முகம் கண்ணாடியாகிவிட்டது, அதில் அவள் மூக்கு கருப்பாகத் தெரிந்தது. வெளியே கல்லூரி மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். வேப்பமரத்து நிழல் குப்பியை நோக்கி நகர்ந்தது, அவள் எழுந்து குப்பியை வெயில் பக்கமாக இரண்டு விரல் தள்ளிவைத்தாள். பார்வைக்குத் திறந்த குப்பி கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது, அது நினைப்பாகவும் இருக்கலாம், நேற்று அவள் கண் செய்த வேலையைப் பார்த்த பிறகு அதை நம்புவதற்கில்லை. மேடு வர வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. வந்தால் எல்லாம் விளங்கிவிடும். வரக்கூடாது என்று இன்னொரு மனசு. ஏன் வரக்கூடாது என்று அதைக் கேட்டால் அது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரி, நீ சொல்லாவிட்டால் போ என்று அவள் குப்பிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். எலெக்ட்ரோடின் நுனியில் கரியைப் புதிதாகப் பூசி, முதலில் முக்காடு போட்டதை ஓட்டினாள். மலை, காலையில் நின்ற அதே உயரம், மேடு இல்லை. அப்புறம் வெயில் குடித்ததை. அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து, நிமிர்ந்து, மலையாகி, மலை காலையில் இருந்ததைவிடக் குட்டையாகி, இறங்கி, இறங்கும்போது, இறங்கிக்கொண்டே இருக்கையில் சட்டென்று தயங்கி, மெல்ல முதுகை உயர்த்தியது. அதே இடம். நேற்றைய மேட்டை எடுத்து மேலே பொருத்தினாள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டன. வடிவு "ஏயப்பா!" என்று கத்திவிட்டாள். அறையில் யாருமில்லை. கையைத் தட்டிக்கொண்டாள், முக்காலியைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள், தவமணி சாரை இழுத்து வந்து காட்ட வேண்டும், அழுக்கு இல்லை சார், உடைந்த துண்டு சார், என் சென்சார் முழுசையும் அளக்குது, உடைஞ்சதையும் அளக்குது, இனி மாத்திரை நல்லதா என்பது மட்டுமில்லை, கெட்டது எதனால் கெட்டது என்றும் சொல்லும். மூன்று வருஷத்தில் இப்படி ஒரு மத்தியானம் வந்ததில்லை. நெஞ்சு அப்படி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்த நெஞ்சு எப்போது வேறு காரணத்துக்காக அடிக்க ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த இன்னொரு மனசு இப்போது திரும்பி உட்கார்ந்து நிதானமாகக் கேட்டது. போன தடவை மதினி மாத்திரையை எங்கே வைத்திருந்தாள்? கல்யாணமான மறு வருஷமே டாக்டரம்மா எழுதிக்கொடுத்திருந்தார், பிள்ளைக்கு முன்னாலேயே ஆரம்பிக்கச் சொல்லி, மதினியும் ஒருநாள் விடாமல் சாப்பிட்டாள், அது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள்கூட விடலையே டாக்டர் என்று அண்ணன் அன்றைக்கு டாக்டரம்மா அறையில் திரும்பத் திரும்பச் சொன்னது அவள் காதில் இன்னும் இருக்கிறது. எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்காமலே இருந்துவிடலாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை, ஆனால் வெட்டியது அவள், மண்வெட்டியும் அவளுடையது. சிமிழில் வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் மீதியை அவளே கோத்துக்கொள்வாள், மதினி பள்ளிக்கூடத்தோடு நின்றவளே தவிர மந்தமானவள் இல்லை. சொல்லாமலும் இருக்க முடியாது, குழாய் இந்த வாரம்தான் மூடும், அடுத்த வாரம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைத் தோண்டி எடுத்து அவள் மடியில் போட வேண்டும். நாமா இப்போது கைதட்டினோம் என்று வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்கு நடுவிலும் கண் திரையில் இருந்த மேட்டைவிட்டு வரவில்லை, அதன் அழகு அப்படி.

மேஜைக்குள்ளிருந்து செல்லை எடுத்து அவளே கூப்பிட்டாள். பாத்திரம் கழுவும் சத்தத்தோடு மதினி எடுத்தாள். "என்ன வடிவு, பரீட்சையில என் மாத்திரை பாஸா பெயிலா?"

"மாத்திரை நல்ல மாத்திரைதான் மதினி. ஆனா அதை இனிமே சிமிழ்ல போடாதீங்க. அட்டையிலேயே இருக்கட்டும். அன்னன்னைக்கு ஒண்ணு எடுத்துப் பிள்ளையார்ட்ட வச்சுக் கும்பிட்டுட்டு உடனே போட்டுக்கிடுங்க."

"ஏன்?"

"அங்கன காலை வெயில் அடிக்குதுல்லா. வெயில் பட்டா அதோட சத்து உடைஞ்சு போயிருது. இப்பத்தான் வெயில்ல வச்சுப் பாத்தேன்."

பாத்திரச் சத்தம் நின்றது. குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "எல்லாமே போயிருமா?"

"இல்ல மதினி. மூணுல ஒரு பங்கு போல. மிச்சம் இருக்கு. நீங்க சாப்பிட்டதுல மிச்சம் இருக்கு, பயப்படாதீங்க."

வடிவு செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டு, மதினி பழைய நாட்களுக்குள் ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்காதீங்க மதினி என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் மதினி முந்திக்கொண்டாள்.

"போன தடவையும் அங்கனதான் வச்சிருந்தேன்" என்றாள் மதினி.

சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். படித்தவள் சொன்னால் நம்புவாள். வடிவு அதைச் சொல்லவில்லை. "அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது மதினி. ஒழுங்காச் சாப்பிட்டவங்களுக்கும் அப்படி ஆகியிருக்கு. ஒண்ணுமே சாப்பிடாதவங்க நல்லபடியாப் பெத்துருக்காங்க. அதனால இல்லேன்னும் என்னால சொல்ல முடியல. எனக்குத் தெரியல மதினி. நெசமாவே தெரியல."

"அழாத" என்றாள் மதினி. அழுவது தெரியும்படியாகவா பேசினோம் என்று வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு மாத்திரை இன்னும் போடல. காலையில ஒரே குமட்டலு. நீ சாயங்காலம் வரும்போது புது அட்டை வாங்கிட்டு வந்துரு, அதைப் போட்டுக்கிடுதேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வடிவு, இதை உங்க அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராத. சிமிழ் அவுக திருச்செந்தூர்ல வாங்கிட்டு வந்தது. மாத்திரைய அதுல போட்டு, சாமி காலடியில வச்சுச் சாப்பிடுன்னு சொன்னதே அவுகதான். அவுக தாங்கமாட்டாக."

"சொல்லமாட்டேன் மதினி" என்றாள் வடிவு.

சாயங்காலம்வரை இருக்க முடியவில்லை. திரையை அணைக்காமல், குப்பிகளைக் கழுவாமல், பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மருந்துக்கடையில் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, தேதி பார்த்தாள். இரண்டு பக்கமும் கெட்டி அலுமினியம். உள்ளே இருக்கும் மாத்திரையை எந்த வெயிலாலும் ஒன்றும் செய்ய முடியாது, பாளையங்கோட்டை வெயிலாலும் முடியாது, அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. இருந்தாலும் டவுன் பஸ்ஸுக்காக நின்ற நேரமெல்லாம் அந்த அட்டையைத் துப்பட்டாவுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.